மலோயா கணவாயில் தலைகீழாக வீசும் காற்று

பகலில் காற்று பள்ளத்தாக்கின் வாயிலிலிருந்து மேல்முனையை நோக்கி ஏறும் என்று பள்ளியில் படித்திருக்க, ஸ்விட்சர்லாந்தின் சில்வாபிளானா ஏரியில் மட்டும் அது நண்பகலுக்குப் பிறகு ஆற்றோட்டத்தின் திசையிலேயே இறங்கி வீசுவது ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காற்றைப் பற்றிய இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பாதி, ஆறுகளின் பழைய வரலாற்றில் இருக்கிறது.

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் கிடக்கும் மேல் எங்கடின் பள்ளத்தாக்கில்தான் இன் ஆறு பிறந்து, வடகிழக்காக ஓடி, டான்யூப் வழியாகக் கருங்கடலை அடைகிறது. சில்ஸ், சில்வாபிளானா, செயின்ட் மோரிட்ஸ் ஆகிய ஏரிகள் வரிசையாக அமைந்த இப்பள்ளத்தாக்கின் தென்மேற்கு முனையில் 1,815 மீட்டர் உயரத்தில் மலோயா கணவாய் இருக்கிறது. அங்கிருந்து செயின்ட் மோரிட்ஸ் ஏரி வரை தரை 50 மீட்டர்கூடத் தாழ்வதில்லை. கணவாயின் மறுபுறமோ பெர்கெல் பள்ளத்தாக்கு சரேலென்று சரிந்து, சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலிய ஊரான கியாவென்னாவில் 333 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறது.

பள்ளத்தாக்குக் காற்றின் காரணத்தைப் பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அதன் அழகு உண்மையில் வடிவக்கணிதத்தில் உள்ளது. சமவெளியில் ஒரு சதுர கிலோமீட்டரில் விழும் வெயில், மலையுச்சியின் உயரம் வரை எடுத்துக்கொண்டால், ஒரு முழுக் காற்றுப் பெட்டியைச் சூடேற்ற வேண்டும். அதே பரப்பளவில் பள்ளத்தாக்கின் மீது விழும் வெயிலுக்கோ வேலை குறைவு. மலைகளே பெட்டியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பதால், எஞ்சியிருக்கும் கொஞ்சக் காற்று அதே வெப்பத்தைப் பெற்று விரைவாகச் சூடாகிறது. சூடான காற்றின் அடர்த்தி குறைய, தரையில் அழுத்தமும் குறைகிறது. சமவெளியின் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நோக்கிப் பாய்கிறது. பள்ளத்தாக்கு எவ்வளவு குறுகலோ, இவ்விளைவு அவ்வளவு வலுவாகும். செங்குத்தான சுவர்களுக்கிடையே ஒடுங்கிய பெர்கெலில் பகல்காற்று வேகமாக மேலேறுவதில் வியப்பில்லை.

வழக்கமாக இத்தகைய காற்று பள்ளத்தாக்கின் தலைப்பகுதியிலுள்ள மலைச்சுவரில் முட்டி ஓய்ந்துவிடும். மலோயாவில் அந்தச் சுவரே இல்லை. ஏறிவந்த காற்று கணவாயைத் தாண்டி எங்கடினுக்குள் புகுந்து, அங்கு இயல்பாக எழ வேண்டிய எதிர்க்காற்றை அமுக்கிவிடுகிறது.

சுவரை அகற்றியது ஆறு. இன் ஆற்றின் தலைநீர்ப் பகுதி ஒரு காலத்தில் மேலும் தென்மேற்கே, இன்றைய பெர்கெலுக்குள் நீண்டிருந்தது. பெர்கெல் வழியாகக் குறுகிய தொலைவில் பேருயரம் இறங்கும் மைரா ஆறு, தனக்கிருந்த கூடுதல் அரிக்கும் வல்லமையால் பின்னோக்கி அரித்துவந்து, அந்நீரோட்டங்களை ஒவ்வொன்றாகத் தன்வசமாக்கிக்கொண்டது. இப்படித் தலைப்பகுதியை இழந்த எங்கடின், மலைச்சுவர் இல்லாமல் பெர்கெலை நோக்கித் திறந்து நிற்கிறது. ஃபோர்னோ பனியாற்றிலிருந்து வரும் ஒர்லேனா ஓடை எங்கடினுக்குள் செல்வது போலவே வடக்கு நோக்கி ஓடிவந்து, மலோயாவுக்கு அருகில் திடீரென மேற்கே திரும்பி மைராவில் விழுவது இந்த ஆற்றுக் கவர்வுக்கு இன்றும் கண்கூடான சான்று.

தெற்கிலிருந்து ஈரக்காற்று ஏறிவரும் நாட்களில் அது குளிர்ந்து, கணவாயின் மேல் நீண்ட குழல்போன்ற மேகமாகத் தவழ்கிறது. உள்ளூர் மக்கள் அதை மலோயாப் பாம்பு என்றழைத்து, மழையின் அறிகுறியாகக் கொள்கிறார்கள். ஈரப்பதம் மிகுந்த தென்காற்று மழையையும் கூட்டிவரக்கூடும் என்பதால், இதை மூடநம்பிக்கை என்று நான் ஒதுக்கமாட்டேன்.

செயின்ட் மோரிட்ஸின் விடுதி உரிமையாளர் ஒருவர் 1864-இல் ஆங்கிலேய விருந்தினர்களிடம் பந்தயம் கட்டி, குளிர்காலச் சுற்றுலாவைத் தொடங்கிவைத்தார் என்ற கதையைச் சுற்றுலாக் கையேடுகள் சலிக்காமல் சொல்லும். 1928, 1948 ஆகிய ஆண்டுகளில் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊருக்கு அப்படியொரு கதை பொருத்தம்தான். ஆனால் அதே 1864-இலிருந்து சில்ஸ் ஏரிக்கு அருகிலுள்ள சில்ஸ் மரியா என்ற ஊரில் வானிலை அளவீடுகள் தொடர்ந்து பதிவாகிவருவதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தினமும் வெப்பநிலையைக் குறித்துவைக்கும் சலிப்பூட்டும் பணிக்கு நிதி ஒதுக்க அரசுகள் தயங்குகின்றன. தவறவிட்ட ஆண்டுகளின் அளவீட்டைப் பின்னர் எந்தத் தொகை கொடுத்தும் பெற முடியாது.

காற்றால் நீரில் சறுக்கிச்செல்லும் பாய்ப்பலகையோடு சில்வாபிளானாவுக்குச் செல்ல எண்ணும் வாசகர், வானம் தெளிந்த கோடை நாளைத் தேர்ந்தெடுத்து, நண்பகலுக்குப் பிறகே நீரில் இறங்குவது நல்லது. காலையில் பெர்கெல் இன்னும் சூடேறியிராது.