முதல் துளி மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் சூடாக்கிய ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொண்டு தரம் பார்க்கும்போது, அதாவது துளித்துளியாக விட்டு எவ்வளவு தேவை என்று அளக்கும்போது, கூர்ந்து கவனிக்கிற மாணவருக்கு ஒரு சந்தேகம் வந்தே தீரும். பியூரெட் என்ற அளவுகோடிட்ட குழாயிலிருந்து விழும் முதல் துளியின் ஊதா நிறம் குடுவையில் அப்படியே நிற்கிறது. சுழற்றிக் குலுக்கினாலும் உடனே போவதில்லை. சற்று நேரம் கழித்துத்தான் மெல்ல வெளிறி மறைகிறது. இரண்டாம் துளி அதைவிடச் சீக்கிரம் மறையும், மூன்றாம் துளி இன்னும் சீக்கிரம். பத்துத் துளிக்குள், விழுந்த இடத்திலேயே நிறம் காணாமல் போகத் தொடங்கிவிடும். இத்தனைக்கும் பியூரெட்டில் இருப்பது அதே கரைசல்தான். குடுவையிலோ ஆக்சாலிக் அமிலம் தீர்ந்துகொண்டே வருகிறது, சூடும் ஆறிக்கொண்டே வருகிறது. வேதிவினை வேகவியல் பாடத்தின்படி வேகம் குறைய வேண்டிய நேரத்தில் கூடுகிறது.

இந்தச் சந்தேகத்தை ஆசிரியரிடம் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. ரெக்கார்டு நோட்டில் எழுதியிருக்கும் செய்முறையில் பாதி வரிகளுக்கான காரணம் இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் கணக்கு. 0.1 நார்மல் (லிட்டருக்கு 0.1 சமான நிறை கொண்ட) ஆக்சாலிக் அமிலத்தில் 20 மி.லி. எடுத்தால், அதில் 1 மில்லிமோல் ஆக்சாலிக் அமிலம் இருக்கிறது. அதைத் தீர்க்க 0.4 மில்லிமோல் பெர்மாங்கனேட் போதும். பெர்மாங்கனேட்டில் +7 ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள மாங்கனீசு ஐந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு +2 நிலைக்கு இறங்குகிறது; ஒரு ஆக்சாலிக் அமில மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்து இரண்டு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளாக உடைகிறது. வாங்குவதும் கொடுப்பதும் சமமாக வேண்டுமானால் இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்சாலிக் அமிலம். பெர்மாங்கனேட்டின் சமான நிறை, அதாவது ஒரு மோல் எலக்ட்ரானுக்கு ஈடான நிறை, 158-ஐ ஐந்தால் வகுத்து 31.6 என்றும், நீரேறிய ஆக்சாலிக் அமிலத்தின் சமான நிறை 126-ஐ இரண்டால் வகுத்து 63 என்றும் வருவது இதனால்தான். ஒரு லிட்டர் 0.1 நார்மல் கரைசலுக்கு முன்னது 3.16 கிராம், பின்னது 6.3 கிராம்.

கணக்கு இப்படி நேராக இருந்தாலும், வினை நடக்கும் வழி நேரானது அல்ல. ஆக்சாலிக் அமிலத்தில் இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பு அறுபட்டாக வேண்டும். பெர்மாங்கனேட் அயனி தனியாக அந்த வேலையைச் செய்வது மிக மெதுவாகவே நடக்கும். முதல் துளி அடம்பிடிப்பது இந்தக் கட்டத்தில். ஆனால் கொஞ்சம் வினை நடந்தவுடன் குடுவையில் +2 நிலை மாங்கனீசு அயனிகள் தோன்றிவிடுகின்றன. இவை புதிதாக வந்து விழும் பெர்மாங்கனேட்டுடன் வினைபுரிந்து, +3 போன்ற இடைநிலை மாங்கனீசு அயனிகளை உருவாக்குகின்றன. +3 மாங்கனீசு ஆக்சாலேட்டைப் பற்றிக்கொண்டு அணைவுச் சேர்மமாகி, உள்ளுக்குள்ளேயே அதன் எலக்ட்ரானைப் பறித்து உடைத்துவிடுகிறது. முடிவில் அதுவும் +2 மாங்கனீசாகத் திரும்பி வருகிறது. ஆக, வினையின் விளைபொருளே அந்த வினைக்கு வினைவேக மாற்றி. விளைபொருள் கூடக் கூட வேகமும் கூடும். பாடப்புத்தகம் தன் வினைவேக மாற்றம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது இதைத்தான்.

வேதிவினைகளின் வேகத்தை எண்ணால் அளக்க முனைந்த முதல் தலைமுறையினரில் ஹார்கோர்ட் என்ற வேதியியலாளரும் எஸ்சன் என்ற கணித அறிஞரும் முக்கியமானவர்கள். ஆக்ஸ்போர்டில் பணிபுரிந்த இவ்விருவரும் 1866-இல் வெளியிட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் இதே பெர்மாங்கனேட், ஆக்சாலிக் அமில வினைதான். பள்ளி ஆய்வக மேசையில் நிற்கும் குடுவைக்கு அப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

ஆசிரியர் அனுமதித்தால் இதை இரண்டு சோதனைக் குழாய்களில் கண்ணால் பார்த்துவிடலாம். இரண்டிலும் 5 மி.லி. ஆக்சாலிக் அமிலம், 5 மி.லி. நீர்த்த கந்தக அமிலம். முதல் குழாயில் 1 மி.லி. வாலை வடிநீர் சேர்க்க வேண்டும். இரண்டாவதில், தரம் பார்த்து முடித்து ஆறிப்போன குடுவையிலிருந்து 1 மி.லி. திரவம். கீழே ஊற்றப்போகும் அந்தத் திரவத்தில் +2 மாங்கனீசு நிறைய இருக்கிறது. சூடாக்க வேண்டாம். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஐந்து துளி பெர்மாங்கனேட் விட்டுக் கலக்கி, கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டாம் குழாய் வெகு சீக்கிரம் தெளிந்துவிடும். முதல் குழாய் ஊதா நிறத்தோடு நின்றுகொண்டிருக்கும். அந்த முதல் குழாயை விடாமல் கவனிப்பது நல்லது. ஊதா நேரடியாக நிறமற்றதாக மாறாது. சிவப்பாகி, பிறகு மஞ்சள் கலந்த பழுப்பாகி, அதன் பின்னரே தெளியும். நடுவில் வரும் அந்த நிறம் +3 மாங்கனீசு ஆக்சாலேட் அணைவினுடையது. 70 டிகிரி சூட்டில் கண்ணுக்குச் சிக்காமல் ஓடிவிடும் இடைநிலைப் பொருள், அறை வெப்பநிலையில் நின்று முகம் காட்டுகிறது. உப்புப் பகுப்பாய்வுக்கு வைத்திருக்கும் மாங்கனீசு சல்பேட்டில் ஒரு சிறு படிகத்தைப் போட்டாலும் இதே விளைவு கிடைக்கும்.

இனி, ஆய்வகத்தில் எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம்.

முதல் துளி நிற்பதைப் பார்த்து முடிவு நிலை, அதாவது ஆக்சாலிக் அமிலம் முழுக்கத் தீர்ந்த நிலை, வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் சிலர். அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: நிறம் போகும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் திருகைத் திறந்து 2, 3 மி.லி. மடமடவென்று விட்டுவிடுவது. +2 மாங்கனீசு போதுமான அளவு உருவாகும் முன்பே பெர்மாங்கனேட் குவிந்துவிடுவதால், குடுவை பழுப்பாகக் கலங்குகிறது. அது மாங்கனீசு டை ஆக்சைடு. +7-இலிருந்து +4 வரை மட்டும் இறங்கிய மாங்கனீசு மூன்று எலக்ட்ரான்களைத்தான் வாங்கியிருக்கிறது. நம் கணக்கோ ஐந்து என்று வைத்துப் போட்டது. அந்தப் பழுப்பு கரையாமல் தங்கிவிட்டால் பெர்மாங்கனேட் அதிகம் செலவாகும், பியூரெட் அளவீடு உயரும். தெளிந்த பழுப்பு நிறம் என்றால் சற்றுப் பொறுத்தால் மறைந்துவிடும். கலங்கலாக, துகள் துகளாகத் தெரிந்தால் அந்தக் குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி எடுப்பதே மேல். முதல் துளியை விட்டு, அது முழுக்க மறைந்த பின் அடுத்த துளி. அதன் பிறகு வேகத்தைக் கூட்டலாம்.

பழுப்பு வருவதற்கு இன்னொரு காரணம் அமிலம் போதாமை. 20 மி.லி.க்கு ஒரு சோதனைக் குழாய் நிறைய, அதாவது ஏறக்குறைய 20 மி.லி., 2 நார்மல் கந்தக அமிலம் சேர்க்கச் சொல்வார்கள். சமன்பாட்டின்படி பார்த்தால் இது தேவைக்கு முப்பது மடங்குக்கு மேல். இருந்தாலும் வீண் இல்லை. துளி விழும் இடத்தில் அமிலத்தன்மை ஒரு கணம்கூடக் குறையாமல் இருந்தால்தான் மாங்கனீசு பாதி வழியில் நிற்காமல் +2 வரை போகும். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால், பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றி குளோரினாக்கி, அளவீட்டைக் கூட்டிவிடும். நைட்ரிக் அமிலம் தானே ஓர் ஆக்சிஜனேற்றி. நம் வேலையை அதுவும் பகிர்ந்துகொள்வதால் அளவீடு குறையும். வாய்மொழித் தேர்வில் இது கிட்டத்தட்ட நிச்சயமான கேள்வி.

சூடு 60 முதல் 70 டிகிரி செல்சியஸ். குறைந்தால் வினை இழுக்கும், கலங்கல் வரும். கொதிக்கவிட்டால் வேறு கேடு: அமிலத்தில் ஆக்சாலிக் அமிலமே கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, நீர் என்று சிதைந்து, பெர்மாங்கனேட்டுக்கு வேலை இல்லாமல் ஆக்கிவிடும். வெப்பமானி இல்லாத ஆய்வகங்களில் குடுவையின் கழுத்தில் ஆவி படியத் தொடங்கும்போது இறக்கிவிடுகிறார்கள். பழகிய கைக்கு அது போதும். கழுத்தைச் சுற்றி மடித்த தாளைப் பிடித்துக்கொண்டு தரம் பார்க்கலாம். பியூரெட்டிலிருந்து வருவது குளிர்ந்த கரைசல் என்பதால், பாதியில் நிறம் மறையத் தாமதமானால் குடுவையை மறுபடி இளஞ்சூடாக்கிக் கொள்ள வேண்டும்.

இதே பெர்மாங்கனேட்டை ஃபெர்ரஸ் சல்பேட்டுக்கோ ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டுக்கோ பயன்படுத்தும்போது சூடாக்கக் கூடாது. இரும்பு ஒரே ஒரு எலக்ட்ரானைக் கொடுத்தால் போதும், எந்தப் பிணைப்பும் உடைய வேண்டியதில்லை. அறை வெப்பநிலையிலேயே உடனுக்குடன் முடிந்துவிடும். சூடாக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் முந்திக்கொண்டு இரும்பை ஆக்சிஜனேற்றிவிடும். செய்முறையை மனப்பாடம் செய்தவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். பிணைப்பு உடைவதை நினைவில் வைத்தவருக்குக் குழப்பமே வராது.

முடிவு நிலைக்குத் தனி நிறங்காட்டி தேவைப்படாததும் அழகான விஷயம். +2 மாங்கனீசில் ஐந்து டி எலக்ட்ரான்களும் தனித்தனி ஆர்பிட்டால்களில் இருப்பதால், ஒளியை உறிஞ்சி அவை தாவுவது அரிது. நீர்த்த கரைசல் நிறமற்றே தெரியும். +7 மாங்கனீசில் டி எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் அடர் ஊதா, ஏனென்றால் அங்கே ஒளி தூண்டுவது ஆக்சிஜனிலிருந்து மாங்கனீசுக்கு நடக்கும் மின்சுமை மாற்றத்தை. இது மிக வலிமையான உறிஞ்சல். அதனால் குடுவையில் 60 மி.லி. திரவம் இருக்கும்போது, மிகையாக விழும் ஒரே துளி, அதாவது சுமார் 0.05 மி.லி., முழுவதையும் இளஞ்சிவப்பாக்கிக் காட்டிவிடுகிறது. குடுவைக்குக் கீழே வெள்ளை ஓடு வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நிறம் அரை நிமிடம் நின்றால் போதும். ஐந்து நிமிடம் கழித்து வெளிறியிருந்தால் மறுபடி ஒரு துளி விடாதீர்கள்; மிகையான பெர்மாங்கனேட் குடுவையில் இருக்கும் +2 மாங்கனீசுடனேயே மெதுவாக வினைபுரிவதால் அப்படி ஆகும்.

கருவிகளைப் பொறுத்தவரை, எதை எதனால் அலசுவது என்பதில்தான் மதிப்பெண் போகிறது. பியூரெட்டைப் பெர்மாங்கனேட்டாலும், 20 மி.லி. அளந்தெடுக்கும் பிப்பெட்டை ஆக்சாலிக் அமிலத்தாலும், கூம்புக் குடுவையை வாலை வடிநீரால் மட்டுமே அலச வேண்டும். குடுவையை ஆக்சாலிக் அமிலத்தால் அலசினால், ஒட்டியிருக்கும் அமிலமும் 20 மி.லி.யோடு சேர்ந்துகொள்ளும். பிப்பெட்டின் முனையில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது. முனையைக் குடுவையின் சுவரில் தொட்டு எடுத்தால் போதும், அந்த மிச்சத்தைக் கழித்தே 20 மி.லி. கோடு போட்டிருக்கிறார்கள். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. வாயால் உறிஞ்சாமல் ரப்பர் குமிழைப் பயன்படுத்த வேண்டும். பியூரெட் கண்ணாடித் திருகு உள்ளதாக இருக்கட்டும், ரப்பர் குழாயைப் பெர்மாங்கனேட் அரித்துவிடும். கரைசல் அடர்நிறமாக இருப்பதால் பிறைத்தளத்தின் (திரவத்தின் வளைந்த மேற்பரப்பின்) அடி தெரியாது. தொடக்கம், முடிவு இரண்டையும் மேல் விளிம்பை வைத்தே படிக்க வேண்டும்.

திருகுக்குக் கீழே காற்றுக் குமிழ் தங்கியிருந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு. உண்மையான அளவீடு 20.4 மி.லி. என்றால் பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி 20 × 0.1 ÷ 20.4 = 0.0980. நடுவில் 0.3 மி.லி. குமிழ் வெளியேறினால், அந்த இடத்தை நிரப்பிய கரைசல் குடுவையில் விழாமலே அளவீட்டில் ஏறிவிடும். 20.7 என்று படிப்போம், விடை 0.0966 ஆகிவிடும். பியூரெட்டின் மேல் புனலை எடுக்க மறந்தால் நடப்பது இதற்கு நேர்மாறு. புனலில் தங்கிய துளிகள் இடையில் உள்ளே விழுந்து மட்டத்தை உயர்த்துவதால் அளவீடு குறையும்.

ஒத்த மதிப்பு கிடைக்கவில்லை என்று பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுவது பல பள்ளிகளில் பழகிப்போன காரியம். அதற்கு அவசியமே இல்லை. 20.9, 20.4, 20.4 என்று வந்தால் முதலாவதை அடிக்காமல் அப்படியே பதிவு செய்துவிட்டு, ஒத்துப்போகும் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். முதல் அளவீடு விலகுவது இயல்பு. மூன்றும் ஒரே பக்கமாகத் தப்பாக வந்தால் கரைசலைச் சந்தேகிக்க வேண்டும். பெர்மாங்கனேட் எடைபோட்டுக் கரைத்தவுடன் நம்பக்கூடிய பொருள் அல்ல. அதில் மாங்கனீசு டை ஆக்சைடு சிறிதளவு கலந்தே இருக்கும், நீரிலுள்ள கரிமத் தூசியோடும் வெளிச்சத்திலும் சிதைந்துகொண்டிருக்கும். பழுப்புப் பாட்டிலில் வைப்பதும், வடிகட்டத் தாளுக்குப் பதில் கண்ணாடிப் பஞ்சு பயன்படுத்துவதும் அதற்காகவே. ஒவ்வொரு முறையும் ஆக்சாலிக் அமிலத்தை வைத்து அதன் நார்மாலிட்டியைக் கண்டுபிடிக்க வைப்பதற்கும் காரணம் இதுதான்.

வேலை முடிந்ததும் பியூரெட்டை உடனே கழுவிவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் உட்சுவரில் பழுப்புக் கறை படிந்து, சோப்பு நீருக்கு அசையாது. அப்போது மிஞ்சிய ஆக்சாலிக் அமிலத்தையும் நீர்த்த கந்தக அமிலத்தையும் கலந்து உள்ளே நிரப்பி, சிறிது நேரம் நிற்கவிடுங்கள். கறையிலுள்ள +4 மாங்கனீசு +2 ஆகிக் கரைந்து வந்துவிடும். பிறகு வாலை வடிநீரால் இரண்டு மூன்று முறை அலசித் தலைகீழாக மாட்டி வைத்தால் அடுத்த வகுப்புக்குத் தயார்.