இ-ஷ்ரம் கார்டு: பணம் வருமா, வராதா?

இ-ஷ்ரம் என்பது அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பட்டியலிட மத்திய அரசு நடத்தும் பதிவுத் தளம்; அதில் பதிந்தால் கிடைப்பதுதான் இந்தக் கார்டு. இதன் கதை 2020 மார்ச்சில் தொடங்குகிறது. ஊரடங்கு வந்ததும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லாத தினக்கூலிகளுக்குத்தான் முதல் அடி விழுந்தது. உதவி கொடுக்க நினைத்தாலும், யார் எந்த ஊரில் என்ன வேலை செய்கிறார்கள் என்ற பட்டியல் மத்திய அரசிடம் இல்லை. தமிழ்நாட்டில் ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 1,000 ரூபாய் போக, கட்டுமானத் தொழிலாளருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் தனியாக 1,000 ரூபாய் அறிவித்தார்கள். ஆனால் அது மாநில அரசின் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு மட்டும். ஒரே சாரத்தில் நின்ற இரண்டு பேரில் ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்கு இல்லை.

இப்படி ஒரு பட்டியலுக்கான தளத்தைத் தொடங்கச் சொல்லி 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, ஆகஸ்ட் 26 அன்று இ-ஷ்ரம் தளம் திறந்தது. இதுவரை 30 கோடிக்கும் மேல் பதிவாகியிருக்கிறார்கள். பாதிக்கும் மேல் பெண்கள்.

வயது 16 முதல் 59 வரை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கக் கூடாது, வருமான வரி கட்டுபவராகவும் இருக்கக் கூடாது. சித்தாள், வீட்டு வேலை செய்பவர், தள்ளுவண்டிக்காரர், விவசாயக் கூலி எல்லோரும் பதியலாம். ஆதார், வங்கிக் கணக்கு எண், ஆதாரோடு இணைத்த செல்போன் போதும். போன் இணைக்காதவர்கள் பொது சேவை மையத்தில் கைரேகை வைத்துப் பதியலாம். பதிவு இலவசம், காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நிரப்பும்போது இரண்டு இடத்தில் கவனம் தேவை. சொந்த ஊர் முகவரியும், இப்போது இருக்கும் முகவரியும் தனித்தனியாகக் கேட்கும். திருப்பூரில் வேலை செய்துகொண்டு ரெண்டுக்கும் ஊர் விலாசத்தையே போட்டால், வெளியூர்த் தொழிலாளி என்ற கணக்கில் வர மாட்டீர்கள். தொழிலையும் மையத்துக்காரர் இஷ்டத்துக்கு விடாமல் நீங்களே சொல்லித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் 12 இலக்க எண்ணோடு கார்டு வரும்.

இனி, வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை: கார்டு எடுத்தாலே மாதம் 3,000 ரூபாய் வரும் என்பது. அப்படி வராது. அந்தத் தொகை பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தன் என்ற வேறு திட்டத்தில், 60 வயதுக்குப் பிறகு வருவது. அதில் 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்து, வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை நாமும் கட்ட வேண்டும். 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு வேண்டுமென்றால் வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டி, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்ற காப்பீட்டுத் திட்டத்தில் சேருவதே வழி.

மாநில நல வாரிய அட்டை வேறு, இது வேறு. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், இறப்பு உதவிகள் வாரியத்தில்தான். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். சந்தேகத்துக்கு 14434.