கசகசா குருமாவும் மார்ஃபின் ஊசியும்

பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை மரம் ஏறுகிற ஒருவர் வழுக்கி விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தொடை எலும்பு முறிவு. 108 வண்டி அவரைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொண்டுவந்து இறக்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர், ஊசியைக் கண்டதும் சொல்கிறார்: “போதை ஊசி மட்டும் வேணாம் சார். கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்கேன்.”

பழைய வழக்கு ஒன்றில், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடப்பட்டவர் அவர். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் போடக்கூடிய நிபந்தனைகளில் போதைப் பொருளைத் தொடாமல் இருப்பதும் ஒன்று. பயம் நியாயமானதுதான். ஆனால் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே மருத்துவத் தேவைக்கு விலக்கு அளிக்கிறது. நிபந்தனைக்குப் பயந்து முறிந்த தொடைக்கு வெறும் பாராசிட்டமால் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் வலியைப் பார்ப்போம். முறிந்த இடத்தில் ஊறும் ரசாயனங்கள் நரம்பு முனையைக் கிளறுகின்றன. டைக்ளோஃபெனாக் போன்ற சாதாரண வலி மருந்துகள் அந்த ரசாயனம் ஊறுவதையே குறைக்கும். அவர் பயப்படுகிற போதை ஊசி, அபினிப் பாலிலிருந்து எடுக்கும் மார்ஃபின். அது வேலை செய்யும் இடம் வேறு: முதுகுத் தண்டிலும் மூளையிலும் உள்ள ஏற்பிகளில், அதாவது மருந்து வந்து பொருந்தும் இடங்களில், உட்கார்ந்து, மேலே போகிற செய்தியை மதகுப் பலகையை இறக்கியதுபோல மட்டுப்படுத்தும். இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழி உண்டு. இடுப்பு மடிப்பருகே ஓடும் தொடை நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால், சோடியம் நுழைகிற வாசல்கள் அடைபட்டு, நரம்பில் செய்தி நகராது. தொடை முறிவுக்கு இது அருமையான வழி. போதையும் இல்லை. மரம் ஏறுபவருக்கு இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அப்படியும் வலி அடங்காவிட்டால் மார்ஃபின் கொடுக்கத் தயங்கக் கூடாது.

கொடுக்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும். முன்பு போதைப் பழக்கம் இருந்து, பல மாதமாக விட்டுவிட்டவருக்கு உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிப் போயிருக்கும். அன்றைக்குத் தாங்கிய அளவு இன்றைக்கு மூச்சை நிறுத்திவிடலாம். பழக்கத்திலிருந்து மீள ப்யூப்ரெனார்ஃபின் மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் கதை நேர் எதிர்: அந்த மருந்து ஏற்பிகளை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால், வழக்கமான அளவு மார்ஃபின் போதாமல் போகும். ஆகவே நரம்பு வழியாக 2, 3 மில்லிகிராமாக, சில நிமிடம் விட்டுவிட்டு, மூச்சைப் பார்த்துக்கொண்டே ஏற்றுவார்கள். இதற்காகத்தான் டாக்டர் பழைய கதையைக் கேட்கிறார். போலீசுக்குச் சொல்வதற்காக அல்ல.

சரி, நிபந்தனையை மீறிப் போதைப் பொருள் எடுத்தாரா என்று பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வருவோம். நம் ஊரில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவரிடம் அடிக்கடி சிறுநீர் வாங்கும் வழக்கமில்லை. அமெரிக்காவில் இது வாடிக்கை. அங்கே மத்திய நீதிமன்றங்களின் பொது விதி, விடுவித்த 15 நாளுக்குள் ஒரு பரிசோதனை, அப்புறம் குறைந்தது இரண்டு.

சிறுநீரில் நனைக்கிற அந்தப் பட்டை வேலை செய்யும் விதம் கும்பகோணம்–தஞ்சாவூர் பஸ் மாதிரி. பட்டையில் ஊர்ந்து போகும் நிறமேற்றிய ஆன்டிபாடிகள், அதாவது மருந்து மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்தான் பஸ்கள். பட்டையின் நடுவே ஒரு கோட்டில் மருந்து மூலக்கூறுகளை ஒட்டிவைத்திருப்பார்கள். அதைப் பாபநாசம் ஸ்டாப்பில் நிற்கும் கூட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் மார்ஃபின் இருந்தால் அது கும்பகோணத்திலேயே ஏறி எல்லா இருக்கையிலும் துண்டு போட்டுவிடும். நிரம்பிய பஸ் பாபநாசத்தில் நிற்காது. சிறுநீரில் மார்ஃபின் இல்லையென்றால் காலி பஸ்கள் அங்கே நின்று, நிறக் கோடு விழும். அதாவது கோடு விழுந்தால் மருந்து இல்லை, விழாவிட்டால் இருக்கிறது. முதல்முறை பார்ப்பவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதனால்தான்.

இந்தப் பஸ் ஆள் யாரென்று கேட்காது. இருக்கையில் பொருந்துகிற உருவமா என்று மட்டும் பார்க்கும். இருமல் மருந்தில் உள்ள கோடீனும் பொருந்தும், போதாததற்குக் கல்லீரல் அதில் ஒரு பங்கை மார்ஃபினாகவே மாற்றிவிடுகிறது. குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவும் மாட்டிவிடலாம். அது அபினிச் செடியின் விதை; காயின் பால் அதில் ஒட்டியிருக்கும். இந்தத் தொல்லையால்தான் அமெரிக்க அரசு, பணியிடப் பரிசோதனையில் ‘இருக்கிறது’ என்று சொல்வதற்கான வரம்பை ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 1998இல் 2000ஆக உயர்த்தியது. டிராமடால், ஃபென்டனில் என்ற வலி மருந்துகள் தொழிற்சாலையில் பிறந்தவை, உருவம் வேறு. அவை இந்தப் பஸ்ஸில் ஏறவே ஏறாது. அவற்றுக்கென்று தனிப் பட்டை வேண்டும்.

சந்தேகம் வந்தால் ஆய்வுக்கூடம் மூலக்கூறுகளைப் பிரித்து, எடை போட்டுப் பார்க்கும். ஹெராயின் உடம்பில் சிதையும்போது 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் என்ற பொருள் சிறிது நேரம் தங்கும். மருத்துவமனை மார்ஃபினிலிருந்து அது ஒருநாளும் வராது. அது தென்பட்டால் ஹெராயின்தான், மறுபேச்சில்லை. ஆனால் சில மணி நேரத்தில் அதுவும் மறைந்துவிடும். அதற்குப் பிறகு மார்ஃபின் மட்டும் எஞ்சியிருந்தால், எங்கிருந்து வந்தது என்பதை ஆஸ்பத்திரிச் சீட்டுதான் சொல்ல வேண்டும். மருந்தின் பெயர், அளவு, தேதி, நேரம் நான்கும் அதில் இருக்க வேண்டும். “வலி ஊசி போடப்பட்டது” என்று மொட்டையாக எழுதிய சீட்டால் பயனில்லை.

மரம் ஏறுபவர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. மார்ஃபின் சிறுநீரில் தெரிவது இரண்டு மூன்று நாள்தான். தொடைக்கு அறுவை சிகிச்சை முடிந்து அவர் ஊன்றுகோலோடு எழுந்து நிற்கும்போது அது போயே போயிருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோகும் மாத்திரையில்தான் சிக்கல் வரும். டிராமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. மூன்று நாளுக்கு எழுதினால் எத்தனை மாத்திரை என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்வது அவருக்கு நல்லது. அது தீர்ந்த பிறகும் வலித்தால் மறுபடி ஓ.பி.க்குப் போகலாம். மச்சான் வீட்டில் மிச்சமிருக்கும் அட்டையில் சீட்டு ஒட்டியிருக்காது.