மரச்சீனிப் பையில் நானோ களிமண்: கூடுதல் போட்டால் கூடுதல் பலமா?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பகுதிகளில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுகிறவர்கள் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்ததும் நமத்துப்போன சரக்கையும், 'நானோ களிமண் சேர்த்தது, ஈரம் புகாது' என்று அச்சிட்ட மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) ஸ்டார்ச் பையையும் தூக்கிக்கொண்டு எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வருவது வழக்கமாகிவிட்டது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலும் கேரளம் 2020 ஜனவரி 1 முதலும் தடை செய்தபின் மாற்றுப் பை தேடுவதில் தவறில்லை. பையில் அச்சடித்ததை அப்படியே நம்பிச் சரக்கை அடைப்பதுதான் தவறு.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, எந்தக் களிமண்ணையும் நன்றாக அரைத்தால் நானோ ஆகிவிடும் என்ற எண்ணம். ஆகாது. பை செய்யும் இந்த மெல்லிய ஸ்டார்ச் படலங்களுக்கு வேண்டியது மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம். கட்ச், பார்மர் பகுதிகளில் வெட்டியெடுக்கும் பென்டோனைட்டில் பெரும்பகுதி அதுதான். அதன் ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிமனும் அதைப்போல் நூறு மடங்குக்குக் குறையாத அகலமும் உடையது. தகடுகளுக்கிடையே தண்ணீர் புகுந்து அவற்றை விலக்கும். கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பதற்கும் இவ்வகைக் கனிமமே காரணம். நம் குமரி மாவட்டச் செம்மண்ணிலும் திருவனந்தபுரம் பக்கத்துத் தோன்னைக்கல் வெள்ளைக் களிமண்ணிலும் மிகுந்திருப்பது கயோலினைட். அதன் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் வெறும் தண்ணீர் அவற்றைப் பிரிக்காது. எவ்வளவு அரைத்தாலும் மிஞ்சுவது அடுக்கடுக்கான தூள்தான். மில்லில் அரைத்த மண்ணை மூட்டையாகக் கொண்டுவந்து 'சார், இதையும் சோதித்துச் சொல்லுங்கள்' என்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சரியான களிமண்ணாகவே இருந்தாலும் அளவு முக்கியம். எடையில் 1 முதல் 5 சதவீதம் வரை, தகடுகள் பிரிந்து பரவியிருந்தால், படலத்தின் இழுவிசை வலிமையும் விறைப்பும் கூடும்; நீராவி தகடுகளைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் அது கடக்கும் வேகமும் குறையும். அதற்குமேல் கொட்டினால் தகடுகள் மீண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிவிடும். அத்தகைய படலத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெண்புள்ளிகள் தெரியும்; இழுவைக் கருவியில் மாட்டினால் பெரும்பாலும் அந்தப் புள்ளியில்தான் அறுகிறது. விறைப்பு கூடும்போது நீட்சி குறைவதையும் விற்பவர் சொல்லமாட்டார். மடித்த ஓரத்தில் பை விரிசல் விடுவது அதனால்தான்.

இனி ஈரம். ஸ்டார்ச் தண்ணீரை விரும்பும் பொருள். வளைந்துகொடுக்கச் சேர்க்கும் கிளிசராலும் அப்படியே. சாதாரண பாலித்தீனைவிட ஸ்டார்ச் படலத்தின் வழியே நூறு மடங்குக்கும் மேல் நீராவி கடக்கும். களிமண் அதைப் பாதியாக்கியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஐம்பது மடங்கு இருக்கிறதே! அதில் சிப்ஸ் எப்படி மொறுமொறுப்பாக இருக்கும்?

ஆகவே வாங்குமுன் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதில் எந்த ஈரப்பதத்தில் சோதித்தார்கள் என்ற வரியை முதலில் பாருங்கள். 50 சதவீத ஈரப்பதத்தில் நின்ற படலம், நம் மழைக்காலத்து 90 சதவீதத்தில் தளர்ந்து ஒட்டும். மட்கும் என்று சொன்னால் மட்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 17088 சோதனையையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். உணவைத் தொடும் பை என்றால் பையிலிருக்கும் பொருள்கள் உணவுக்குள் எவ்வளவு இறங்குகின்றன என்ற சோதனை கட்டாயம். கரிம உப்பேற்றிய களிமண் (தகடுகள் எளிதில் பிரிய வேதிப்பொருள் ஏற்றியது) என்றால் இதில் சலுகையே கூடாது. படலத்தை நீங்களே தயாரிப்பதானால் களிமண்ணை முதலில் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்துக் கலக்கி, அதன் பிறகே மாவோடு சேருங்கள். உலர்தூளை முகமூடி இல்லாமல் கையாளாதீர்கள், அதில் சிலிக்காத் தூசியும் கலந்திருக்கலாம்.

வெளியூருக்கு அனுப்பும் சிப்ஸுக்குத் தயவுசெய்து இந்தப் பை வேண்டாம். அன்றன்றே விற்றுத் தீரும் பன்னுக்கும் ரொட்டிக்கும் முதலில் பயன்படுத்திப் பாருங்கள்.