தட்டில் இருப்பது ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறதா?

நாற்பதைத் தாண்டியவர்களுக்கான சத்துப் பட்டியல்கள் பெரும்பாலும் எதைச் சாப்பிட வேண்டும் என்பதோடு நின்றுவிடுகின்றன. சாப்பாடு அப்படியேதான் இருக்கும்; அதைக் கையாளும் உடம்பு மாறியிருக்கும். முப்பது வயதில் போதுமானதாக இருந்த உணவே ஐம்பதில் போதாமல் போகலாம்.

வைட்டமின் பி12 இதற்கு நல்ல உதாரணம். ஒரு நாளைக்குத் தேவை வெறும் 2.4 மைக்ரோகிராம்தான். ஆனால் அந்தத் துளியை உள்ளே கொண்டுபோக உடம்பு படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டியே வருகிறது. இரைப்பையின் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் முதலில் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரிந்த பி12-ஐ எச்சிலோடு வந்த ஒரு புரதம் பற்றிக்கொண்டு சிறுகுடல் வரை கூட்டிப்போகிறது. அங்கே கணையத்தின் நொதிகள் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. உடனே இரைப்பைச் சுவர் சுரந்து அனுப்பிய ‘இன்ட்ரின்சிக் ஃபேக்டர்’ என்ற வேறொரு புரதம் அதை ஏற்றுக்கொள்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ள ஏற்பிகளுக்கு இந்த ஜோடியைத்தான் அடையாளம் தெரியும். இந்தத் தொடர் ஓட்டத்தில் யாராவது ஒருவர் தவறவிட்டாலும் பி12 பெரும்பாலும் கழிவோடு வெளியே போய்விடும்.

வயது ஏற ஏறச் சிலருக்கு நாள்பட்ட அழற்சியால் இரைப்பையின் உட்சுவர் மெலிந்து அமிலம் குறைகிறது. நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் அமிலக்குறைப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கும் அதே நிலைதான். நீரிழிவுக்கான மெட்ஃபார்மினும் பி12 அளவைக் குறைக்கக்கூடியது. கல்லீரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால் பற்றாக்குறை உடனே தெரியாது. களைப்பு, பாதம் மரத்துப்போதல், மறதி என்று மெல்ல வரும். ‘வயசாகுதில்ல’ என்று நாமும் விட்டுவிடுவோம். இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி வைட்டமின் மாத்திரை, பி12 குறைவால் வந்த ரத்தசோகையைச் சரிசெய்துவிடும், நரம்புச் சேதமோ அடியில் தொடரும்.

மாத்திரையில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருப்பதில்லை, அதைப் பிரிக்க அமிலம் வேண்டாம். இன்ட்ரின்சிக் ஃபேக்டரே இல்லாதவர்களுக்கும் விழுங்கியதில் ஏறக்குறைய 1 சதவீதம் குடல் சுவர் வழியே தானாகக் கசிந்து உள்ளே போகும். 1,000 மைக்ரோகிராம் விழுங்கினால் 10 கிடைக்கும், அது தாராளம். 1926-இல் மைனாட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், அதுவரை உயிர்க்கொல்லியாக இருந்த ஒருவகை ரத்தசோகை நோயாளிகளுக்கு நாள்தோறும் ஏராளமான ஈரலைக் கொடுத்துக் காப்பாற்றியதும் இந்தக் கசிவின் தயவால்தான். பி12 என்றொரு பொருள் இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது! 1934-இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

கால்சியத்தின் கதை வேறு. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் அதன் அளவு சற்றே இறங்கினாலும் பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். அதனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்பதை வைத்து எலும்பு நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எலும்பைக் கரைக்கும் செல்களை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அடக்கி வைத்திருக்கும். மாதவிடாய் நின்றதும் அந்தக் கடிவாளம் தளர்ந்து, அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. பெண்களுக்கு 50 வயதுக்கு மேல் பரிந்துரை 1,000 மில்லிகிராமிலிருந்து 1,200 ஆக உயர்வது இதனால்தான். வைட்டமின் டி போதாவிட்டால் உண்ட கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதமே குடலைத் தாண்டும். போதுமான அளவு இருந்தால் 30 முதல் 40 வரை போகும். வெயிலில் வைட்டமின் டி-யைத் தயாரிக்கும் மூலப்பொருள் வயதான தோலில் குறைவு. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து காயும் வெயிலாலும் பயனில்லை, தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதிகளுக்கு மெக்னீசியம் வேறு வேண்டும்.

இரும்பு மட்டும் எதிர்த்திசையில் போகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கான அமெரிக்கப் பரிந்துரை 18 மில்லிகிராமிலிருந்து 8 ஆக இறங்கிவிடுகிறது. வளர்ந்த ஆணுக்கு எந்த வயதிலும் 8 தான். மிகுதியான இரும்பை வெளியேற்ற உடம்பில் தனி வழி கிடையாது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் வாசலிலேயே தடுக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். எனவே ஐம்பது வயது ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால் அது எங்கே போகிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மருத்துவர்கள் குடலில் ரத்தக்கசிவு உண்டா என்று தேடுவார்கள்: புண், கட்டி, சில நேரம் புற்றுநோய். கடையில் தானாகவே இரும்பு மாத்திரை வாங்கி விழுங்கினால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், கசிவு யாருக்கும் தெரியாமல் தொடரும்.