சேற்றின் மேல் தூவிய பிளீச்சிங் பவுடர் ஏன் வேலை செய்வதில்லை?

வெள்ளம் வடிந்த நண்பர் வீட்டைக் கழுவப் போன வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கிலோ கணக்கில் பிளீச்சிங் பவுடர் கொட்டியும் நாற்றம் போகவில்லையே, ஏன்?" கொட்டியது சேற்றின் மேல். கோளாறு அங்கேதான்.

பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் ஹைப்போகுளோரஸ் அமிலமும் ஹைப்போகுளோரைட் அயனியும் கிடைக்கும். கிருமியைக் கொல்வதில் அமிலம்தான் பல மடங்கு வல்லது. பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. அயனிக்கும் அதே மின்னேற்றம் என்பதால் கிட்டே நெருங்க முடியாமல் விலகிப்போகிறது. அமில மூலக்கூறுக்கோ மின்னேற்றமே கிடையாது, உருவமும் சிறியது. தடையின்றி உள்ளே நுழைந்து, புரதங்களில் இருக்கும் கந்தக அணுக்களைத் தாக்குகிறது. மடிப்புக் குலைந்த புரதங்கள், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி திரண்டுவிடுகின்றன.

இதில் எனக்கு அலுக்காத அதிசயம் ஒன்று உண்டு. நம் ரத்த வெள்ளணுக்களும் விழுங்கிய கிருமியைக் கொல்ல இதே அமிலத்தைத்தான் தயாரிக்கின்றன. தயாரிக்கும் நொதியின் நிறம் பச்சை. சீழில் சில சமயம் பச்சைச் சாயல் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்த அமிலத்துக்குக் கிருமி, குப்பை என்ற பேதம் தெரியாது. மக்கிய இலை, சாக்கடைக் கழிவு, அம்மோனியா என எது முதலில் அகப்படுகிறதோ அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். அரை அங்குலச் சேற்றில் மேல்தோல் மட்டும் வெளுக்கும், அடியில் கிருமிகள் பத்திரமாக இருக்கும். பவுடரை அள்ளிப் போட்டாலும் அதே அளவுக்குப் பலன் கூடாது. அதிலுள்ள சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.5 ஆக இருக்கும்போது அமிலமும் அயனியும் பாதிக்குப் பாதி. அதற்கு மேல் ஏற ஏற அமிலத்தின் பங்கு சரியும். தெருவோரச் சேற்றில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே போவது மக்கள் வரிப்பணத்தை வீணாக்குவது என்பேன். அந்தக் காசுக்கு மண்வெட்டியும் கம்பூட்ஸும் வாங்கித் தரலாம்.

வீட்டில் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. கையுறை, கம்பூட்ஸ் கட்டாயம். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே நுழையும். சேறு ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுங்கள், காய்ந்தால் தரையோடு இறுகிவிடும். பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பவுடரின் முறை அதற்கப்புறம்தான்: பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டருக்கு 30 கிராம். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் எடுத்து, தரையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் ஊற்றி 10 நிமிடம் ஈரம் காயாமல் வைத்துக் கழுவுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் இதோடு சேரவே கூடாது; சேர்ந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும் குளோரின் வாயு கிளம்பும். நெடியே இல்லாத பழைய பவுடரில் குளோரின் பெரும்பாலும் போயிருக்கும், புதிது வாங்குங்கள்.

சம்ப்பை, அதாவது தரையடித் தண்ணீர்த் தொட்டியை, நீர் இறைத்து, மூடியைத் திறந்துவைத்து, வெறும் தண்ணீரில் தேய்க்க வேண்டும். உள்ளே விஷவாயு தங்கியிருக்கலாம் என்பதால் முடிந்தவரை மேலிருந்தே நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் தேய்ப்பது நல்லது. பிறகு நீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பவுடர் வீதம் கரைத்து ஊற்றி 12 மணி நேரம் விட்டு, முழுவதையும் வெளியேற்றிவிடுங்கள். அந்தத் தண்ணீர் குடிக்கவோ சமைக்கவோ ஆகாது.