மேலெழாத முகப்பு விளக்குகள்: அழுத்தம் எங்கே தொலைகிறது?

லோட்டஸ் எலான் என்ற பிரிட்டிஷ் கார் 1962-இல் வெளிவந்தபோது, உள்ளே மறைந்திருந்து தேவைப்படும்போது மேலெழும் அதன் முகப்பு விளக்குகளை உயர்த்த மோட்டார் எதுவும் வைக்கப்படவில்லை. எஞ்சின் ஓடும்போது தானாகவே கிடைக்கும் வெற்றிடமே அந்த வேலையைச் செய்தது. அமெரிக்காவின் கார்வெட் காரும் 1968 முதல் 1982 வரை இதே வழியைக் கையாண்டது. தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான டர்பனின் உப்புக் காற்றில் இத்தகைய பழைய வண்டியைப் பேணி வருபவருக்கு, ஒரு விளக்கு எழுந்து மற்றொன்று பாதியில் நிற்பது பழகிய தொல்லைதான். உடனே விளக்கை இயக்கும் டயஃப்ரம் (வளையும் ரப்பர் சவ்வு) டப்பாவை மாற்றுவதில் இறங்குவோர் பலர். அளந்து பார்க்காமல் மாற்றும் டப்பா பெரும்பாலும் வீண் செலவாகவே முடிகிறது.

வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. வெளியே உள்ள காற்றுதான் தள்ளுகிறது. எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் மூடியிருக்கையில் பிஸ்டன்கள் கீழிறங்கும்போது, அந்தக் காற்று செல்லும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. அந்தக் குறைவை ஒரு ரப்பர் குழாய் டயஃப்ரத்தின் ஒரு பக்கத்துக்குக் கொண்டு சேர்க்க, மறுபக்கத்தில் உள்ள வளிமண்டலம் டயஃப்ரத்தையும் அதனோடு இணைந்த கம்பியையும் நகர்த்துகிறது. டயஃப்ரத்தின் விட்டம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 60 கிலோபாஸ்கல் வேறுபாட்டில் அதன்மீது ஏறத்தாழ 48 கிலோ எடைக்கு நிகரான விசை விழும்.

விசை முழுவதும் இந்த வேறுபாட்டைச் சார்ந்திருப்பதால், வண்டி நிற்கும் ஊரின் உயரமும் கணக்கில் வருகிறது. கடல்மட்டத்தில் உள்ள டர்பனில் வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல் அளவில் இருக்க, 1,700 மீட்டருக்கும் மேலே உள்ள ஜோகன்னஸ்பர்க்கில் அது சுமார் 82 மட்டுமே. டர்பனில் ஐட்லிங்கின்போது (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) 18 அங்குலப் பாதரசம், அதாவது சுமார் 61 கிலோபாஸ்கல், காட்டிய வெற்றிட அளவுமானி, அங்கே 12 அல்லது 13 காட்டினால் அது கோளாறு அன்று. ஆனால் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எப்படியோ சமாளித்த ஒரு சிறு கசிவு, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் உள்ள உறவினர் வீட்டை அடையும்போது விளக்கைத் தூக்க விடாமல் செய்துவிடும். ஏற்றத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வழியில் உள்ள வான் ரீனன் கணவாயில் த்ராட்டிலை முழுவதும் திறந்து ஏறும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. அந்த நேரத்தில் விளக்குகளைத் தாங்கி நிற்பது, ஒருவழி வால்வுக்கு அப்பால் தொட்டியில் சேமித்து வைத்த வெற்றிடம் மட்டுமே.

ஆகவே தேடலை எஞ்சினிலிருந்து தொடங்கி விளக்கை நோக்கிச் செல்ல வேண்டும். முதலில் மேனிஃபோல்டில் அளவுமானியைப் பொருத்தி ஐட்லிங் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதைத் தொட்டியின் பக்கத்துக்கு மாற்றி, எஞ்சினை அணைத்துவிட்டு முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் சட்டென்று விழுந்தால், மேனிஃபோல்டிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஒருவழி வால்வை வாயால் ஊதிப் பார்க்கலாம். இரு திசையிலும் காற்று போனால் வால்வு கெட்டுவிட்டது. வால்வு நன்றாக இருந்தும் முள் மெல்ல இறங்கினால், கிளைக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கவ்வியால் நெரிக்க வேண்டும். எதை நெரிக்கும்போது முள் நிற்கிறதோ, கசிவு அதற்கு அப்பால் இருக்கிறது.

குழாய்களின் முனைகளைச் சற்று நேரம் எடுத்துப் பார்ப்பது நல்லது. நடுப்பகுதி மிருதுவாக இருந்தாலும், உலோக மூக்கின்மேல் விரிந்து இறுகிய கடைசி ஒரு சென்டிமீட்டர் கடினமாகி, மயிரிழைபோல் வெடித்திருக்கும். வளைத்தால்தான் அந்த வெடிப்பு வாய் திறக்கும். குழாய் நீளம் போதுமானால் அந்த முனையை வெட்டிவிட்டு மீண்டும் செருகினாலே போதும். புதிய குழாய் தேவைப்பட்டால் தடித்த சுவருள்ள வேக்குவம் குழாயே வேண்டும். கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாயை மாட்டினால் அது உள்நோக்கி ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும்.

ஒரே ஒரு விளக்கு மட்டும் தயங்கினால் குழாயைக் கழற்றிவிட்டு அதைக் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். கை தடைப்பட்டால் குற்றம் துருப்பிடித்த கீல்களில்தான். சுத்தம் செய்து எண்ணெயிட வேண்டும். தடையின்றி நகர்ந்தால் மட்டுமே டயஃப்ரம் டப்பாவை வெற்றிடக் கைப்பம்பால் சோதிக்க வேண்டும். கார்வெட்டில் டயஃப்ரம் நன்றாக இருந்தும், கம்பி வெளிவரும் இடத்திலுள்ள சீல் கசிவதுண்டு.

எலானின் தொடக்ககால வண்டிகளில் வெற்றிடம் விளக்கைத் தூக்குகிறது. பிற்கால வண்டிகளில் அது விளக்கைக் கீழே பிடித்து வைக்கிறது, தூக்குவது ஸ்பிரிங். ஆகவே நெடுநேரம் நிறுத்தி வைத்த பின் விளக்கு தானே எழுந்து நிற்பது பிந்தைய வகையில் கசிவின் அறிகுறி. இரவுப் பயணத்தின் நடுவே விளக்கு தாழ்வது முந்தைய வகையில் அதே கசிவின் விளைவு. இரண்டாவது உயிருக்கே ஆபத்தானது, தள்ளிப்போடக் கூடாது.

எல்லாக் குழாய்களும் நன்றாக இருந்தும் எலானில் முள் நிற்காவிட்டால், சந்தேகம் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் மீதே விழ வேண்டும். அதன் முன்பக்கக் குறுக்குச் சட்டமே வெற்றிடத் தொட்டி என்பதால், துரு அரித்த ஊசித் துளை ஒன்றே போதும். வெற்றிடத்தில் சோப்பு நீர் குமிழ் விடாது, உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். ஆதலால் கைப்பம்பால் மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றை உள்ளே செலுத்திய பிறகே சோப்பு நீரைத் தடவ வேண்டும். துளை அகப்பட்டால் தனித் தொட்டி ஒன்றைப் பொருத்தி விளக்குகளை இயங்க வைக்கலாம். ஆனால் அதே சட்டம்தான் முன்சக்கரங்களின் சஸ்பென்ஷனையும் தாங்குகிறது. துருப்பிடித்த இடத்தை வெல்டிங் வல்லுநர் ஒருவர் பார்த்து, உலோகம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சொல்லும்வரை வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதே முறை.